மூன்று படிப்புகள், ஒரு மகள்: தானியங்கி முறையால் எந்தத் தொழிலுக்கு எவ்வளவு பாதிப்பு?

தட்டச்சுக்காரர், காரைக்குடி (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். காரைக்குடியில் முப்பது ஆண்டுகளாகத் தட்டச்சுப் பயிலகம் நடத்தி வருகிறேன். மகள் இவ்வாண்டு உயிரியலும் கணிதமும் சேர்ந்த பிரிவில் பிளஸ் டூ முடித்திருக்கிறாள். கணினி அறிவியலில் பி.இ., பி.காம். படித்துக்கொண்டே சி.ஏ., பி.எஸ்சி. நர்சிங் என்று மூன்று வழிகள் வீட்டில் பேச்சில் இருக்கின்றன. மூன்றையும் அவள் விரும்பியே சொல்கிறாள் என்பதால், பிடித்ததைப் படிக்கட்டும் என்று சொல்லிவிட்டு நான் ஒதுங்கிக்கொள்ள வழியில்லை.

இதற்கிடையில் என் மைத்துனர், நாற்பத்தேழு சதவீத வேலைகளை இயந்திரம் எடுத்துக்கொள்ளப் போகிறது என்ற செய்தியை வாட்ஸ்அப்பில் அனுப்பி, கணக்குப் படிப்பு வேண்டவே வேண்டாம் என்கிறார். சென்னையில் வேலை பார்க்கும் தங்கை மகனோ கணினிப் படிப்புக்குத்தான் காலம் முடிந்துவிட்டது என்கிறான்.

இத்தகைய ஆரூடங்களை நான் எளிதில் நம்புவதில்லை. அதற்குக் காரணம் என் கடையே. கணினி வந்த புதிதில், இனி தட்டச்சுப் பொறிகளை எடைக்குப் போட வேண்டியதுதான் என்று சொல்லாதவர் இல்லை. இன்றும் காலை ஆறரை மணிக்குப் பிள்ளைகள் வந்து ‘ஏ எஸ் டி எஃப் ஜி எஃப்’ அடிக்கும் ஓசையில்தான் எங்கள் தெரு விழிக்கிறது. ஏனெனில் அரசுத் தட்டச்சர் பணிக்குத் தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்தும் தேர்வின் சான்றிதழ் வேண்டியிருக்கிறது. அதே வாசலில் நான் வைத்திருந்த எஸ்.டி.டி. (வெளியூர்த் தொலைபேசி) பூத்தைப் பற்றி மட்டும் ஒருவரும் எச்சரிக்கவில்லை. கைப்பேசி பரவிய நாலைந்து ஆண்டுகளில் அதற்கு ஆள் வருவது நின்றுபோயிற்று. அந்தக் கண்ணாடிக் கூண்டில் இப்போது துடைப்பமும் வாளியும் இருக்கின்றன.

ஆகவே எது பிழைக்கும், எது போகும் என்று நான் கேட்கவில்லை. இந்த மூன்று தொழில்களையும் எந்த அளவுகோலை வைத்து ஒப்பிட வேண்டும் என்பதை, அவரவர் தம் தொழிலில் கண்ணால் கண்டதைக் கொண்டு சொன்னால் பேருதவியாக இருக்கும்.

ஓய்வுபெற்ற வங்கியர், தேவகோட்டை:

ஐயா, வணக்கம். 1981-இல் பொதுத்துறை வங்கி ஒன்றில் எழுத்தராகச் சேர்ந்து 2018-இல் ஓய்வு பெற்றேன். வங்கி என்பது நம் வட்டாரத்துக்குச் சொந்தத் தொழில் போன்றது; இந்தியன் ஓவர்சீஸ் வங்கி 1937 பிப்ரவரி 10 அன்று சென்னையிலும் ரங்கூனிலும் காரைக்குடியிலும் ஒரே நாளில் திறக்கப்பட்டது என்பதைச் சொல்லிச் சொல்லியே என்னை வங்கித் தேர்வுக்கு அனுப்பினார் எங்கள் அப்பச்சி.

நான் சேர்ந்த காலத்தில் சேமிப்புக் கணக்குக்கு வட்டி போடுவது எப்படி என்று இன்றைய பிள்ளைகளுக்குச் சொன்னால் நம்பமாட்டார்கள். மாதத்தின் பத்தாம் தேதிக்கும் கடைசித் தேதிக்கும் இடையில் கணக்கில் இருந்த மிகக் குறைந்த இருப்புக்குத்தான் வட்டி. பேரேட்டின் ஒவ்வொரு பக்கத்திலும் விரலை மேலிருந்து கீழாக ஓட்டி, அந்தக் குறைந்த தொகையைக் கண்டுபிடித்துப் பென்சிலால் குறித்து, ஆறு மாதத்துக்கும் கூட்டி வட்டி எழுதுவோம். இன்னொருவர் அதைச் சரிபார்ப்பார். மொத்தம் ஒத்துவராத இரவுகளில் பிளாஸ்க்கில் தேநீர் வாங்கி வைத்துக்கொண்டு விடியும் வரை தேடியிருக்கிறோம். 2010 ஏப்ரல் 1 முதல் அன்றாட இருப்புக்கு வட்டி கணக்கிட வேண்டும் என்று ரிசர்வ் வங்கி சொன்னது. கணினி இல்லாமல் எங்களை வைத்து அதைச் செய்வதென்றால் ஊரில் பாதிப் பேரை எழுத்தராக்கினாலும் போதாது. இயந்திரம் எங்கள் வேலையைச் செய்ததோடு, நாங்கள் கனவிலும் செய்திருக்க முடியாத ஒரு வேலையை வழக்கமாகவும் ஆக்கிவிட்டது.

1983-இல் கணினிமயமாக்கம் குறித்து வங்கி நிர்வாகங்களுக்கும் சங்கங்களுக்கும் உடன்பாடு ஏற்பட்டு, மறு ஆண்டு அதே பொருள் பற்றி ரங்கராஜன் குழுவின் அறிக்கை வந்த நாள்களில், வேலை போய்விடும் என்று கோஷம் போட்டு ஊர்வலம் போனவர்களில் நானும் ஒருவன். எங்களில் ஒருவருக்கும் வேலை போகவில்லை. ஆனால் நான் சேர்ந்த கிளையில் அன்று எழுத்தர்கள் பதினொருவர். பல கிளைகள் சுற்றிவிட்டு ஓய்வு பெறும் முன் அங்கேயே மேலாளராகப் போனபோது மூவர். இடையில் ஒருவரையும் வெளியே அனுப்பவில்லை; ஓய்வு பெற்றவரின் நாற்காலியில் அடுத்தவரை உட்கார வைக்கவில்லை, அவ்வளவுதான். வேலை போனவர் என்று யாரையும் காட்ட முடியாது. வேலைக்கு வராமலே போனவர்களை எந்தப் பேரேட்டில் எழுதுவது?

அமெரிக்காவில் நடந்ததையும் சொல்ல வேண்டும். ஏ.டி.எம். வந்தபின் 1988-க்கும் 2004-க்கும் இடையில் அங்கே ஒரு நகரக் கிளைக்குச் சராசரியாக இருபது காசாளர் என்பது பதின்மூன்றாகக் குறைந்தது. ஆனால் கிளை நடத்தும் செலவு இறங்கியதால் வங்கிகள் புதிய கிளைகளைத் திறந்துகொண்டே போயின. காசாளர்களின் மொத்த எண்ணிக்கை குறையவில்லை என்று ஜேம்ஸ் பெசன் என்ற பொருளியலாளர் எழுதினார். அதன்பின் கைப்பேசி வந்து, கிளைக்குப் போகும் தேவையையே குறைத்துவிட்டது. ஒரே தொழிலை ஓர் இயந்திரம் வளர்த்தது, இன்னொன்று சுருக்கியது.

பொருளியல் ஆசிரியர், கோட்டையூர்:

மைத்துனர் அனுப்பிய நாற்பத்தேழைப் பற்றி மட்டும் சில சொற்கள். அது 2013-இல் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஃப்ரே, ஆஸ்பார்ன் இருவரும் அமெரிக்காவின் 702 தொழில்களை ஆராய்ந்து எழுதிய அறிக்கையில் வருவது. தொழில்நுட்பத்தால் தானியங்கியாக்கக் கூடியவை எவை என்பதே அவர்கள் கேள்வி. எத்தனை பேர் வேலை இழப்பார்கள் என்று அவர்கள் கணித்துச் சொல்லவில்லை. தொழிலை முழுதாக எடுக்காமல், அதற்குள் இருக்கும் தனித்தனிப் பணிகளைப் பார்த்து 2016-இல் வளர்ந்த நாடுகளின் பொருளாதாரக் கூட்டமைப்பான ஓ.இ.சி.டி.க்காக 21 நாடுகளில் கணக்கிட்டபோது அது ஒன்பது சதவீதமாக இறங்கியது. நெல்லை மூட்டையில் எடை போடுவதற்கும் உமியும் தவிடும் நீக்கி எடை போடுவதற்கும் உள்ள வேறுபாடு இது.

கேட்டவர் மூன்று தொழில்களைச் சொன்னதால் இன்னொன்றையும் குறிப்பிடுகிறேன். அந்த 2013 அறிக்கையில் கணக்காளர், தணிக்கையாளருக்குத் தானியங்கியாகும் வாய்ப்பு 94 சதவீதம். செயலிகளை எழுதும் மென்பொருள் உருவாக்குநருக்கு ஏறக்குறைய நான்கு. பதிவுபெற்ற செவிலியருக்கு ஒன்றுக்கும் குறைவு. பத்தாண்டு முடிவதற்குள், அந்த நான்கு சதவீதத் தொழிலைப் பற்றித்தான் ஊரெல்லாம் அச்சப்படுகிறது. எந்த இயந்திரம் வரும் என்று தெரியாமல் போடும் கணக்கின் நிலை இதுதான்.

தணிக்கையாளர், காரைக்குடி:

தொண்ணூற்று நான்கு என்று எழுதியிருப்பதால் நான் பதில் சொல்லக் கடமைப்பட்டவன். கணக்கு எழுதுவதைப் பொறுத்தவரை அந்த எண் ஏறக்குறைய சரி என்றே நினைக்கிறேன். 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபோது, வாடிக்கையாளரின் கொள்முதல் பட்டியலை விற்றவர் காட்டிய பட்டியலோடு ஒத்துப் பார்க்க என் அலுவலகத்தில் இரண்டு பையன்கள் மாதத்தில் பத்து நாள் வேறு வேலை இல்லாமல் உட்கார்ந்திருந்தார்கள். 2020-இல், விற்றவர்கள் காட்டியதைத் தொகுத்துத் தரும் ஜி.எஸ்.டி.ஆர். 2பி என்ற அறிக்கை தானாகவே தயாராகி வரத் தொடங்கியது. இன்று அதையும், டாலி என்ற கணக்கு மென்பொருளில் நாங்கள் எழுதிய கணக்கையும் ஒப்பிடும் மென்பொருளில் ஏற்றினால், ஒத்தவை, ஒவ்வாதவை, பட்டியல் எண்ணில் ஓர் எழுத்து மாறியவை என்று காபி ஆறுவதற்குள் பிரித்துக் கொடுத்துவிடுகிறது. அந்தப் பையன்கள் இருவரையும் நான் நிறுத்தவில்லை. மூன்றாவது ஒருவரை எடுக்கவும் இல்லை. தேவகோட்டை ஐயா சொன்ன அதே கதைதான்.

தணிக்கை என்று வரும்போது நிலைமை வேறு. சென்ற ஆண்டு ஒரு மொத்த வியாபாரியின் செலவுச் சீட்டுகளை மென்பொருள் பார்த்து, குறை ஒன்றுமில்லை என்றது. எண், தேதி, தொகை, வரி எல்லாம் கட்டத்துக்குள் சரியாக இருந்தன. லாரி வாடகைச் சீட்டுகளைப் புரட்டிக்கொண்டிருந்த பயிற்சி மாணவி மட்டும் நிமிர்ந்து, “சார், இந்த இரண்டு நாளும் இவர்கள் வீட்டுக் கல்யாணம், கடை பூட்டியிருந்தது. நானே போயிருந்தேன். பூட்டிய கடையில் சரக்கை யார் இறக்கினார்கள்?” என்று கேட்டாள். அந்தக் கேள்வி அவளுக்குக் கல்யாணத்துக்குப் போனதால் மட்டும் வந்துவிடவில்லை. அதற்கு முன் ஆறு மாதம், சலிப்போடுதான் என்றாலும், ஆயிரக்கணக்கான சீட்டுகளைக் கையால் புரட்டியதால் வந்தது.

என் கவலை இங்கேதான் தொடங்குகிறது. நம் ஊர் நகரத்தார் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கொண்டு விற்க, அதாவது வட்டித் தொழில் நடத்தப் போன காலத்தில் ஒரு பையன் முதலில் பெட்டியடிப் பையனாக, பணப்பெட்டியின் அருகில் இருக்கும் கடைநிலை உதவியாளனாகத்தான் கடையில் உட்காருவான். எடுபிடி வேலை செய்து, சிட்டை எழுதி, வட்டி கூட்டிப் பழகி, பிறகு அடுத்தாளாகி, அதன்பின் தேறினால் மேலாள் ஆவான். பெட்டியடியில் அவன் செய்த வேலையால் முதலாளிக்குக் கிடைத்த இலாபம் சொற்பமே. ஆனால் கடன் கேட்டு வந்தவன் எப்படிப் பேசுகிறான், மேலாள் யாருக்கு உடனே கொடுக்கிறார், யாரை நாளைக்கு வரச் சொல்கிறார் என்பதையெல்லாம் அவன் அங்கே உட்கார்ந்துதான் பார்த்தான். இன்று வரும் மென்பொருள்கள் மேலாளின் இடத்துக்கு வருவதற்கு முன்பே பெட்டியடியைக் காலி செய்துகொண்டிருக்கின்றன. பெட்டியடியில் உட்காராதவர் பதினைந்து ஆண்டு கழித்து மேலாளாக எங்கிருந்து வருவார் என்பதற்கு என் தொழிலில் இன்னும் யாரும் பதில் வைத்திருக்கவில்லை, நான் உட்பட.

ஆகவே ஒப்பிடுவதற்கு நான் வைக்கும் அளவுகோல் இது: ஒரு தொழிலில் முதல் மூன்று ஆண்டு புதியவருக்குக் கொடுத்துவந்த வேலையில் எவ்வளவு இயந்திரத்திடம் போய்விட்டது, போனபின் புதியவருக்குக் கற்பிக்க அந்தத் தொழில் வேறு ஏதேனும் ஏற்பாடு வைத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சி.ஏ.வில் பயிற்சி கட்டாயம். 2023-இல் அதை மூன்றாண்டிலிருந்து இரண்டாண்டாகக் குறைத்துவிட்டார்கள் என்றாலும் அது இருக்கிறது. தணிக்கை அறிக்கையில் மனிதரின் கையொப்பத்தைத்தான் சட்டம் கேட்கிறது. உங்கள் பயிலகத்தைக் காப்பாற்றிய தேர்வு விதியைப் போல இதுவும் ஒரு வேலி. வேலியை மட்டும் நம்பிப் பயிரிடக் கூடாது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

செவிலியர், பள்ளத்தூர் (பணி மதுரையில்):

தணிக்கையாளர் சொன்ன அளவுகோலை எங்கள் தொழிலுக்கு வைத்துப் பார்த்தேன். நான் மாணவியாக இருந்தபோது, குளுகோஸ் பாட்டிலின் கீழே நின்று கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நிமிடத்துக்கு எத்தனை சொட்டு என்று எண்ணி, குழாயின் உருளையைத் திருகிச் சரிசெய்வோம். இப்போது தீவிர சிகிச்சைப் பிரிவில் அதை இன்ஃப்யூஷன் பம்ப் செய்கிறது, அடைத்துக்கொண்டால் கூப்பிடுகிறது. ஆய்வகத்தில் இரத்த மாதிரியை வைத்தால் கருவியே அளந்து அச்சிடுகிறது. இவை எங்கள் கையில் இருந்த எண்ணும் வேலையையும் எழுதும் வேலையையும் குறைத்தன.

ஆனால் நீர்ச்சத்து வற்றிப்போன எண்பது வயது ஆயா ஒருவரின் கையில் ஊசி ஏற்றுவதை நினைத்துப் பாருங்கள். நரம்பு கண்ணுக்குத் தெரியாது, விரலுக்கு மட்டும் நூல்போலத் தட்டுப்படும், தொட்டால் நழுவும். வெந்நீரில் நனைத்த துணியைச் சுற்றி வைத்து, பேரனைப் பற்றிப் பேச்சுக் கொடுத்து, கை தளர்ந்த நொடியில் ஏற்ற வேண்டும். அதை முதலாண்டு மாணவி இன்றும் மூத்தவர் பக்கத்தில் நின்றுதான் கற்கிறாள். எங்கள் பெட்டியடி அப்படியே இருக்கிறது. 2016-இல் ஜெஃப்ரி ஹின்டன் என்ற கணினி அறிஞர், எக்ஸ்ரே போன்ற படங்களைப் படித்துச் சொல்லும் கதிரியக்க மருத்துவர்களுக்குப் பயிற்சி கொடுப்பதையே நிறுத்திவிடலாம் என்றார். எங்கள் மருத்துவமனையில் எக்ஸ்ரே படத்தை மென்பொருள் முதலில் பார்க்கிறது, ஆனாலும் அறிக்கை எழுதும் மருத்துவருக்காக நாங்கள் காத்திருப்பது குறையவில்லை.

இவ்வளவும் சொல்லிவிட்டு ஒன்றை மறைத்தால் அது நேர்மையாகாது. நான் 2014-இல் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்ந்தபோது மாதம் எட்டாயிரம் ரூபாய்; இரவுப் பணி மாதத்தில் பன்னிரண்டு. இயந்திரம் போட்டிக்கு வராத வேலை என்பதால் யாரும் சம்பளத்தைக் கூட்டிக் கொடுத்துவிடவில்லை. அரசுப் பணியோ வெளிநாடோ கிடைக்கும் வரை பொறுக்கக்கூடிய வீடா உங்கள் வீடு என்பதையும் கணக்கில் சேருங்கள்.

கல் பட்டறைக்காரர், ஆத்தங்குடி:

படிப்பைப் பற்றிச் சொல்ல எனக்குத் தகுதியில்லை. செவிலியர் அம்மா கையைப் பற்றி எழுதியதால் மட்டும் எழுதுகிறேன். ஆத்தங்குடித் தரைக்கல் செய்யும் எங்கள் பட்டறையில் கண்ணாடியின் மேல் சட்டத்தை வைத்து, பூ அச்சை அதற்குள் இறக்கி, அறைக்கு ஒரு நிறமாகச் சாயச் சிமெண்டைக் கரண்டியால் ஊற்றி, அச்சைத் தூக்கிவிட்டு, மேலே உலர்ந்த மணல் சிமெண்டைத் தூவுகிறோம். எவ்வளவு தூவ வேண்டும் என்பது அன்றைய வெயிலையும் காற்றின் ஈரத்தையும் பொறுத்தது. கூடினால் பூ வெடிக்கும், குறைந்தால் நிறம் ஒன்றோடொன்று கலங்கும். இந்த வேலையைச் செய்யும் இயந்திரம் எதுவும் இதுவரை எங்கள் தெருவுக்கு வரவில்லை.

வந்தது வேறு. குஜராத்தில் மோர்பி ஆலைகளில் பீங்கான் ஓட்டின் மேல் எங்கள் பூவையே டிஜிட்டல் முறையில் அச்சிட்டு, பெட்டியில் அடைத்துக் காரைக்குடிக் கடைக்கு அனுப்புகிறார்கள். இரண்டையும் அருகருகே வைத்தால் குழந்தைகூட வேறுபாடு சொல்லும். ஆனால் வாங்குபவர் அருகருகே வைத்துப் பார்ப்பதில்லை. ஆகையால் என் வேலையை இயந்திரம் செய்யுமா என்று கேட்பதோடு, என் வேலைக்குப் பதிலாக வேறொன்று போதும் என்று வாங்குபவர் நினைத்துவிடுவாரா என்றும் கேட்க வேண்டும். எஸ்.டி.டி. பூத்துக்கு நேர்ந்ததும் அதுதானே? பூத்தை நடத்தும் இயந்திரத்தை யாரும் கண்டுபிடிக்கவில்லை.

மென்பொருள் பொறியாளர், கானாடுகாத்தான் (பணி சென்னையில்):

தங்கை மகன் சொன்னதில் பாதி உண்மை. 2009-இல் நான் சேர்ந்தபோது முதலாண்டு முழுவதும் படிவங்களைச் சரிபார்க்கும் நிரல், சோதனை நிரல், சின்னச் சின்னப் பிழைகள் ஆகியவையே எனக்குக் கிடைத்தன. 2021-இல் நிரல் எழுதித் தரும் கிட்ஹப் கோபைலட்டும் 2022 நவம்பர் இறுதியில் சாட்ஜிபிடியும் வந்தபின், அந்த வேலைகளை மூத்தவர்களே இயந்திரத்திடம் சொல்லி வாங்கிக்கொள்கிறார்கள். மூன்று படிப்புகளில் பெட்டியடி அதிகம் காலியானது எங்களுடையதுதான்.

எங்கள் குழுவுக்கு வந்த புதியவர் ஒருவர், பில் தொகையை முழு ரூபாயாக்கும் நிரலை அரை மணியில் கொண்டுவந்து கொடுத்தார். ஓடியது. ஒவ்வொரு வரியிலும் முழுமையாக்கிவிட்டுக் கூட்டியிருந்ததால் மொத்தத்தில் சில்லறை உதைத்தது. ஏன் இந்த இடத்தில் முழுமையாக்கினீர்கள் என்று கேட்டபோது அவரிடம் பதில் இல்லை. நிரல் அவருடையதாக இருந்தால்தானே பதில் இருக்கும். மகள் கணினி படிப்பதானால் முதல் இரண்டாண்டு இயந்திர உதவியின்றி எழுதிப் பழகட்டும். கல்லூரி அதைக் கட்டாயமாக்காது. அவளேதான் கட்டாயமாக்கிக்கொள்ள வேண்டும்.

தட்டச்சுக்காரர், காரைக்குடி:

எழுதிய அனைவருக்கும் நன்றி. அனைத்தையும் மகளுக்கு வாசித்துக் காட்டினேன். நர்சிங்கைப் பற்றி அவள் ஆர்வம் கூடியிருக்கிறது. எட்டாயிரம் என்ற இடத்தில் அவளுடைய அம்மாவின் ஆர்வம் குறைந்திருக்கிறது. தணிக்கையாளர் ஐயாவிடம் அவள் கேட்கச் சொன்ன கேள்வி ஒன்றுதான்: “ஒத்துப் பார்க்கும் வேலை போய்விட்டது என்றால், இந்த மாதம் உங்களிடம் சேர்ந்தவருக்கு நாளைக் காலையில் என்ன வேலை கொடுப்பீர்கள்?”

தணிக்கையாளர், காரைக்குடி:

நல்ல கேள்வி, இரண்டு நாள் யோசிக்க வைத்துவிட்டாள். சென்ற வாரம் சேர்ந்த மாணவியை வியாழக்கிழமை புதுவயலில் ஓர் அரிசி ஆலைக்கு இருப்பு எண்ண அனுப்புகிறேன். அந்த ஆலையில் கேமரா பொருத்திய இயந்திரம் கறுப்பரிசியைக் காற்றால் ஊதித் தள்ளுகிறது, மூட்டை எண்ணிக்கை தானாகவே கணினிக்குப் போகிறது. முன்பு முறத்தோடு உட்கார்ந்து புடைத்த பெண்கள் அங்கே இப்போது இல்லை. கணினி சொல்லும் மூட்டைகள் கிடங்கில் இருக்கின்றனவா, அடுக்கின் நடுவில் இடைவெளி விட்டு அடுக்கியிருக்கிறார்களா, பழைய சாக்கு எது, புதிய சாக்கு எது என்று பார்த்து எழுதி வருவதுதான் அவளுடைய முதல் வேலை. நான் எனக்குக் கிடைத்த பெட்டியடியை இந்த வகையில்தான் திரும்ப உண்டாக்கப் பார்க்கிறேன். இது பலிக்குமா என்பது ஓராண்டு கழித்துத்தான் தெரியும்.

உங்கள் மகளும் உடன் போய்ப் பார்க்கலாமா என்று ஆலைக்காரரிடம் கேட்டேன், சம்மதித்துவிட்டார். காலை ஏழு மணிக்குப் புறப்பட வேண்டும். தவிட்டுத் தூசி கடுமையாக இருக்கும், முகக்கவசம் கொண்டுவரச் சொல்லுங்கள்.